ராமேஸ்வரத்துல சைக்கிள்ல பைய ஒரு சுத்து: சந்து வழியா, கடல் ஓரமா

மதுரை_மிதி (இழையைத் தொடங்கியவர்)

தை கடைசியில அப்பாவோட ராமேஸ்வரம் வர்றேன். தீர்த்தம் ஆடி சாமி கும்பிடுறது முதல் நாளே முடிஞ்சிரும், மறுநாள் காலை எங்களுக்கு. அப்பாவுக்கு வயசு 68. பார் வச்ச பழைய ஹெர்குலஸ், அதுலதான் இன்னிக்கும் காய்கறிக் கடைக்கும் பேங்குக்கும் போறாரு. என்னோடது கூடை வச்ச லேடீஸ் சைக்கிள். ரெண்டையும் மாமாவோட லோடு வண்டியில ஏத்திட்டு வர்றோம்.

எங்க தேடினாலும் தனுஷ்கோடி, தனுஷ்கோடின்னுதான் வருது. ட்ரோன் வச்சு எடுத்த நேர்ரோடு, ரெண்டு பக்கமும் கடல். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அப்பா ஒரே ரோட்டுல நேரா போயிட்டு அதே ரோட்டுல திரும்பி வர்ற ஆள் இல்ல. தெருவுக்குள்ள நுழையணும், வாசல்ல யாராவது உட்கார்ந்திருந்தா பேச்சுக் குடுக்கணும், டீ குடிக்கணும், அப்புறம்தான் கடல். மொத்தம் 20 கிலோமீட்டருக்குள்ள, பெரிய வண்டித் தொல்லை இல்லாத வழி வேணும். ஊர்க்காரங்க யாராவது சொல்லுங்க.

டெயில்விண்டு

எதுக்கு இவ்வளவு யோசனை? தனுஷ்கோடி ரோடு மாதிரி சைக்கிளுக்கு ஏத்த ரோடு தமிழ்நாட்டுல கிடையாது. மேடு இல்ல, சிக்னல் இல்ல. விடியக்காலம் கிளம்பினா ஒரு மணி நேரத்துல ரோடு முடியுற அரிச்சல்முனை. அவ்வளவு தூரம் வந்துட்டு சந்துல சுத்துறதுக்கு மதுரையிலயே சுத்தலாமே.

வடகடல்

டெயில்விண்டு தம்பி, நீங்க கியர் சைக்கிள்ல முதுகை வளைச்சுப் போறவரு. அந்தப் பொண்ணு அப்பாவோட வருது. அந்த ரோட்டுல நிழல்னு ஒரு மரம் கிடையாது, காத்துக்கு மறைப்பும் கிடையாது. ஆனி ஆடியில தென்மேற்கே இருந்து வர்ற கச்சான் காத்தும் பக்கவாட்டுல அடிக்கும், வாடையும் பக்கவாட்டுல அடிக்கும். ரோட்டு மேல மணல் ஏறிக் கிடந்தா பெரிய சைக்கிள் சறுக்கும். 2017-ல அந்த ரோட்டைத் திறக்குற வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்தோட எல்லாம் நின்னுரும், அதுக்கு மேல மணல்ல வேன்தான். இப்ப கார் எல்லாம் முனை வரைக்கும் போகுது. காலை ஏழரைக்கு மேல அந்தக் கார்க்காரங்க ஓட்டுறதைப் பார்த்தீங்கன்னா சைக்கிளை எடுக்கவே தோணாது.

தங்கச்சி, நான் தங்கச்சிமடத்துக்காரன். நாங்க லாந்துற வழியைச் சொல்றேன்.

வெள்ளன ஆறேகாலுக்குக் கிளம்புங்க. கோயிலைச் சுத்தி இருக்குற ரத வீதியில அந்த நேரத்துக்கே ஈர வேட்டியோட ஓடுற கூட்டம் இருக்கும், 22 தீர்த்தத்துக்கு வரிசை கட்டி நிப்பாங்க. அங்க ஏறாதீங்க, தள்ளிட்டே போங்க. வடக்குப் பக்கம் சந்துக்குள்ள புகுந்துட்டா சத்தம் அடங்கிரும். மசூதித் தெருவுல கலாம் வீடு இருக்கு. இப்ப அருங்காட்சியகம், அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது, வாசலைப் பார்த்துட்டுப் போகலாம். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ராமேஸ்வரத்துல ரயில் நிக்கிறதை நிறுத்திட்டாங்க. ஓடுற ரயில்ல இருந்து பேப்பர் கட்டை வெளியே எறிவாங்க, அதைப் பொறுக்கிட்டு வந்து சின்னப் பையனா இந்தத் தெருக்கள்லதான் அவர் வீடு வீடாப் போட்டது. உங்க அப்பா வயசு ஆளுங்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்.

அங்க இருந்து கிழக்கே அக்னி தீர்த்தம். அங்க நிக்காதீங்க, கூட்டம். இடதுபக்கம் வடக்கே போனா சங்குமால். அதுதான் முதல் நிறுத்தம். மூணு பக்கமும் வீடு, ஒரு பக்கம் கடல், நாட்டுப்படகு ஏத்திப் போட்டிருப்பாங்க. வெயில் ஏறுறதுக்கு முந்தி அலையே இல்லாம கிடக்கும். எங்க பக்கம் இதைப் பெண்கடல்னுதான் சொல்லுவோம். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், அது இரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்து ஓலைக்குடா. ஊருக்குள்ள தேவாலயம், அதைத் தாண்டி தீவோட வடகிழக்கு மூலை. பனையும் உடைமரமுமா இருக்கும். அங்கிட்டு இருந்து திரும்பி கந்தமாதன பர்வதம். பர்வதம்னு பேருதான், மணல்மேடு. அப்பா மிதிச்சே ஏறிருவாரு, கடைசிப் படிதான் நடை. ராமர் பாதம் இருக்குற மண்டபத்து மேல நின்னா தீவு மொத்தமும் தெரியும். அங்க நின்னு டிவி கோபுரம் எந்தத் திசையில இருக்குன்னு பார்த்து மனசுல வச்சுக்கங்க. 323 மீட்டர் உயரம், இந்தியாவுலயே உயரமான கோபுரம். கீழ இறங்கி சந்துல வழி குழம்பினா போனை எடுக்க வேணாம், அதைப் பார்த்தா போதும்.

இது வரைக்கும் போயிட்டு ஊருக்குள்ள திரும்பிட்டா உங்க 20-ல பாதிதான் ஆகியிருக்கும். மீதிக்கு நாளைக்கு எழுதுறேன், ராத்திரி ஷிப்ட்டு இருக்கு.

சங்கிலி_எண்ணெய்

பாதையை அவர் சொல்லட்டும், நான் முள்ளைப் பத்திச் சொல்றேன். ராமநாதபுரம் மாவட்டத்துல சைக்கிள் ஓட்டுறவனுக்கு எதிரி ரெண்டு: சீமைக்கருவேல் முள், உடை முள். சீமைக்கருவேலை வேலியோரம் வெட்டிப் போட்டிருப்பாங்க, காஞ்ச முள்ளு மணலுக்குள்ள மறைஞ்சிருக்கும். டயர்ல ஏறினதும் காத்து இறங்காது, அதுதான் சங்கடம். முள்ளே அடைச்சுக்கிட்டு நிக்கும், அரை கிலோமீட்டர் கழிச்சு மெல்ல இறங்கும்.

மணல் பாதையில இருந்து தாருக்கு ஏறும்போதெல்லாம் ரெண்டு டயரையும் கையால ஒரு சுத்து தடவிப் பாருங்க. முள்ளு தெரிஞ்சா அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க, பிடுங்கினா அந்த இடத்துலயே ஒட்டுப் போட வேண்டியிருக்கும். டீக்கடை வரைக்கும் ஓட்டிட்டுப் போயி நிழல்ல உட்கார்ந்து பிடுங்குங்க. பின்னாடி டயர் தேய்ஞ்சிருந்தா வர்றதுக்கு முந்தியே மாத்திருங்க.

இன்னொண்ணு உப்பு. கடலோரம் ஒரு காலை ஓட்டினாலே செயின்ல படிஞ்சிரும். தங்குற இடத்துல ஒரு வாளி நல்ல தண்ணி கேட்டு ஊத்தி, துணியால துடைச்சு, எண்ணெய் விடுங்க. மதுரைக்குப் போயிக்கலாம்னு விட்டா மறுநாளே துரு பிடிச்சு நிக்கும். கடல் தண்ணியில சக்கரத்தை இறக்கிப் போட்டோ எடுக்கிறவங்களைப் பார்த்தா எனக்கு நெஞ்சு பதறும்.

பூநாரை

தை கடைசின்னா கோதண்டராமர் கோயில் வரைக்குமாவது போயிட்டு வாங்க. தனுஷ்கோடி ரோட்டுல இருந்து பிரியுற தனிப் பாதை, ரெண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணி. பூநாரைக் கூட்டம் அந்த மாசங்கள்லதான். 2025 ஜூன் மாசம் அரசு தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாவே அறிவிச்சிருக்கு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே அழிஞ்சப்பவும் அந்தக் கோயில் நின்னுச்சு, அதுக்காகவும் பார்க்கலாம். சேற்றுக்குள்ள மட்டும் இறங்காதீங்க. பறவை எழும்பிப் பறந்தா அழகான படம் கிடைக்கும்னு கை தட்டுறவங்க இருக்காங்க. ராவும் பகலுமா பறந்து வந்து இரை தேடுற பறவையை விரட்டி விரட்டிப் படம் எடுக்குறதுல என்ன இருக்கு?

மதுரை_மிதி

பூநாரை அக்கா, ஆசைதான். ஆனா தூரம்? போக வர 25 வந்துரும் போலிருக்கே.

பூநாரை

ஆமா, வந்துரும். அப்ப சைக்கிளை வண்டியில ஏத்திட்டுப் போயி கோயில் பாதை பிரியுற இடத்துல இறக்குங்க. அங்க இருந்து மிதிச்சா போதும். தண்ணி மட்டும் கொண்டு போங்க.

சின்னப்பாலம்_செல்வி

எல்லாரும் வழி சொல்றீங்க. அந்த வழியில இருக்குறவங்களைப் பத்தி யாரும் எழுதலையே, அதான் எழுதுறேன். நான் பாம்பன் சின்னப்பாலம். எங்க ஊர்ப் பொம்பளைங்க பாசி எடுக்கக் கடலுக்குள்ள போறவங்க. கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையில துணி சுத்திக்கிட்டு, மூச்சுப் பிடிச்சு முங்கி எடுக்கணும். கரையேறி வர்றப்ப உடம்பெல்லாம் ஈரம், பாறை கிழிச்ச காயம் எரியும். அந்த நேரத்துல சைக்கிளை நிறுத்திட்டு ஒருத்தர் கேமராவைத் தூக்கினா எங்களுக்கு எப்படி இருக்கும்? கேட்டுட்டு எடுத்தா நாங்களே சிரிச்சுக்கிட்டு நிப்போம்.

அடுத்தது வலை. கரையோரத் தெருவுல வலை விரிச்சிருப்பாங்க, கருவாடு காயப் போட்டிருப்பாங்க. ஓரமா இடம் இருக்கேன்னு மிதிச்சுட்டுப் போகாதீங்க. ஸ்டாண்டு கம்பியிலயோ பெடல்லயோ கண்ணி மாட்டினா அரை நாள் வேலை போச்சு. இறங்கித் தள்ளிட்டுப் போங்க, இல்ல பக்கத்துச் சந்தைச் சுத்திப் போங்க. மணி அடிக்கிறதை விட "வர்றேன்க்கா"ன்னு ஒரு குரல் குடுங்க. வழி தானா கிடைக்கும்.

இதுக்காக வராதீங்கன்னு சொல்லலை. வாங்க. உங்க அப்பா மாதிரி நின்னு ஊரு பேரு கேக்குறவங்க வந்தா எங்க மாமியார் டீ போட்டுக் குடுக்காம விடமாட்டாங்க.

டெயில்விண்டு

செல்வி அக்கா சொன்ன வலை விஷயம் எனக்குத் தெரியாது, குறிச்சு வச்சுக்கிறேன். ஆனா கேக்குறேன், பாம்பன் பாலத்து மேல சைக்கிள்ல போகாம ராமேஸ்வரம் போனேன்னு சொன்னா யாரு நம்புவாங்க? அதைக் கூடவா விட்டுரணும்?

வடகடல்

பாலத்துல போகலாம், தடை இல்ல. ஆனா எந்த நேரம்ங்கிறதுதான் கணக்கு. ரெண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நடுவுல வளைஞ்சு ஏறி இறங்கும், ரெண்டு வண்டி அகலம்தான். அதுல பாதியை நிறுத்தி வச்ச காரும் வேனும் பிடிச்சுக்கும். ரயில் வருதுன்னா அம்புட்டுப் பேரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடுவாங்க. எவன் எப்பக் கார்க் கதவைத் திறப்பான்னு தெரியாது. சைக்கிள்காரனுக்கு அந்தக் கதவுதான் எமன், காத்து கூட ரெண்டாம்பட்சம்.

விடிஞ்சும் விடியாம போனா அருமையான இடம். 1914-ல கட்டின பழைய தூக்குப் பாலத்துக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலம் பக்கத்துலயே தெரியும். பழசு ஓட்டத்துல இருந்தப்ப நடுவுல ரெண்டு கையாப் பிரிஞ்சு மேல தூக்கும், ஆளுங்க கையாலதான் சுத்துவாங்க. புதுசுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே கிடைமட்டமா மேல ஏறுது. லிஃப்ட் மாதிரிதான்.

சரி, மீதி வழிக்கு வர்றேன். கந்தமாதனத்துல இருந்து மேற்கே மாங்காடு, சம்பை, வடகாடு பக்கமெல்லாம் உள்தெரு நிறைய. சில இடம் தார், சில இடம் மணல், சில இடம் யாரு வீட்டுக் கொல்லையோன்னு சந்தேகம் வரும். கேட்டுக் கேட்டுப் போங்க, அதுதான் அங்க வரைபடம். எல்லாத்தையும் ஒரே கோடாக் கோத்துக் குடுக்க என்னால முடியாது, மழைக்கு மழை பாதை மாறும்.

வில்லூண்டி தீர்த்தம் கட்டாயம். கடலுக்குள்ள சின்னப் பாலம் மாதிரி போகும், கடைசியில கிணறு, சுத்தியும் உப்புத் தண்ணி, உள்ள நல்ல தண்ணி. நெடுஞ்சாலையில இருந்து உள்ளே போற வழியில ஆட்டோ வரும், பஸ் வராது. அங்க இருந்து தங்கச்சிமடம் வந்தா தோட்டம் தோட்டமா மல்லிகை நாத்து இருக்கும். நீங்க மதுரைக்காரங்க, உங்க ஊரு மல்லிகைத் தோட்டத்துக்குப் பதியன் போறது எங்க ஊரு மணல்ல இருந்துதான். அப்பாகிட்ட சொல்லுங்க, ஒத்துக்குறாரான்னு பார்ப்போம்.

திசை ரொம்ப முக்கியம். தையில வாடை வடகிழக்குல இருந்து வரும். ராமேஸ்வரத்துல தொடங்கி மேற்கே தங்கச்சிமடம் பக்கம் வந்தா காத்து முதுகுல தள்ளும். திரும்பிப் போறதுதான் பாடு. அதனால மாமா வண்டியைத் தங்கச்சிமடத்துல நிறுத்தச் சொல்லுங்க, அங்கேயே ஏத்திட்டுக் கிளம்பிருங்க. ஆனி ஆடியில வர்றவங்க இதைத் தலைகீழாப் போட்டுக்கங்க. தங்கச்சிமடத்துல இருந்து கிழக்கே போனா கச்சான் தள்ளும்.

மதுரை_மிதி

மல்லிகை விஷயத்தை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "நாத்து எங்க இருந்து வந்தா என்ன, வாசம் மதுரை மண்ணுல வந்தது"ங்கிறாரு. நேர்ல வந்து பேசித் தீர்த்துக்கங்க.

கீழக்கரையான்

நான் இழைக்குள்ள குறுக்க விழுறேன், மன்னிக்கணும். சந்தும் கடலும் சேர்ந்து வேணும்னா ராமேஸ்வரம் எதுக்கு? கீழக்கரைக்கு வாங்க.

எங்க ஊர்ல ரெண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தா ஒருத்தர் காலை ஊனி நிக்கணும், அப்படிப்பட்ட தெரு. உயரமான சுவர், அதனால ஒன்பது மணி வரைக்கும் நிழல். கல்லுல கட்டின பழைய ஜும்மா பள்ளி. தூணையும் அதுக்கு மேல இருக்குற போதிகையையும் மட்டும் பார்த்தா கோயில் மண்டபம்னே சொல்லலாம். சீதக்காதி வாழ்ந்த ஊரு. செத்தும் கொடுத்தான்னு சொல்றாங்களே, அவரேதான். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடச் சொன்னதும் அவர்தான்னு சொல்லுவாங்க. தெரு முடியுற இடத்துல கடல். அப்பா தீவு, வாலைத் தீவு எல்லாம் அந்தப் பக்கம்தான். தீவுக்குப் போக முடியாது, கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேணும். கரையில நின்னு பார்க்குறதுக்கு யாரு அனுமதியும் வேணாம்.

வழி: ராமநாதபுரத்துல இருந்து திருப்புல்லாணி 10 கிலோமீட்டர். அங்க ஆதி ஜெகந்நாதப் பெருமாள். ராமர் தர்ப்பையில படுத்திருக்குற சன்னதியைப் பார்த்துட்டு, பனங்காட்டு ரோட்டுல சேதுக்கரை, அது சுமார் நாலு கிலோமீட்டர். அங்க இருந்து கீழக்கரை. பெருமாள்ல தொடங்கி பள்ளிவாசல்ல முடியும், நடுவுல பதநீர். பதநீர் மாசி பங்குனிக்கு மேலதான், தையில அதிர்ஷ்டம் இருந்தாத்தான். முடிஞ்சதும் தொதல் வாங்காம கிளம்பக்கூடாது. தேங்காப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காக் கிண்டினது.

தெருவுக்குள்ள ரெண்டு விஷயம்: வெள்ளிக்கிழமை மதியம் வேணாம். வீட்டு வாசல்ல நிக்கிற பெண்களைப் படம் எடுக்காதீங்க. சின்னப்பாலத்து அக்கா சொன்னதேதான்.

டெயில்விண்டு

பாய், இந்த வழி எனக்கே ஆசையா இருக்கு. சேதுக்கரை ரோடு எப்படி இருக்கு, என்னோட மெல்லிசு 28 எம்எம் டயர் தாங்குமா?

கீழக்கரையான்

தாங்கும். ஆனா ஆள் தாங்கணும்னா முதல்ல அந்த வேக மீட்டரைக் கழட்டி வையுங்க. தெருவுக்குள்ள 8-க்கு மேல போனா எங்க பெரியத்தா கம்பெடுத்துட்டு வரும்.

பூநாரை

எல்லாரும் கவனிக்க: தை அமாவாசை எந்தத் தேதின்னு பார்த்துக்கங்க. அன்னிக்கு அக்னி தீர்த்தம், சேதுக்கரை ரெண்டுலயும் கால் வைக்க இடம் இருக்காது. முந்தின நாளும் வண்டி நெரிசல்தான். சைக்கிள்னு இல்ல, நடக்கவே முடியாது.

சின்னப்பாலம்_செல்வி

படகு போற நாளையும் பாருங்க. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலையில கரைக்கு வரும். அப்ப ஜெட்டி பக்கம் ஐஸ் லாரியும் மீன் வண்டியுமா இருக்கும், ரோடெல்லாம் மீன் தண்ணி வழுக்கும். மீன் பார்க்கணும்னா அன்னிக்கு வாங்க, சைக்கிளை ஓரமா நிறுத்திட்டு நடந்து வாங்க. சும்மா ஓட்டணும்னா மத்த நாள். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அப்ப மொத்தப் படகும் கரையிலதான் நிக்கும். படகுக்கு நடுவுல சந்து சந்தாப் போகலாம், பெயிண்ட் வாசம்தான் மூக்கைத் துளைக்கும்.

வடகடல்

செல்வி சொல்றது சரி. நான் சொன்ன வழிக்கு வெள்ளிக்கிழமை நல்ல நாள், ஜெட்டி அமைதியா இருக்கும். கீழக்கரைக்கு அதே வெள்ளி ஆகாது. ரெண்டையும் ஒரே பயணத்துல வச்சுக்கணும்னா வெள்ளி இங்க, சனி அங்க. போற வழியில ராமநாதபுரத்துல சேதுபதி அரண்மனையில ராமலிங்க விலாசம் ஓவியங்களைப் பாருங்க, சைக்கிளை வெளியே பூட்டிட்டு. ஆனா அப்பா கால் வலிக்குதுன்னா சனிக்கிழமையை விட்டுருங்க, கீழக்கரை பாய் கோவிச்சுக்க மாட்டாரு.

கீழக்கரையான்

கோவிச்சுப்பேன்.

மதுரை_மிதி

சரி, முடிவு பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை ஆறேகால்: ரத வீதி தள்ளிட்டு, மசூதித் தெரு, சங்குமால், ஓலைக்குடா, கந்தமாதனம், உள்தெரு கேட்டுக் கேட்டு வில்லூண்டி, தங்கச்சிமடத்துல வண்டி. கோதண்டராமர் கோயில் முதல் நாள் சாயங்காலம் வண்டியிலயே. சனிக்கிழமை கீழக்கரை, அப்பா "தொதலுக்காகவாவது போவோம்"னுட்டாரு. பாலத்துல சைக்கிள் வேணாம், டெயில்விண்டு அண்ணன் எங்களுக்கும் சேர்த்து ஓட்டிக்கட்டும்.

கடைசியா ஒரு கேள்வி. பஞ்சர் கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க? நான் கையில பம்பு வச்சிருக்கேன், அது அப்பா சைக்கிளுக்குச் சேரலை.

சங்கிலி_எண்ணெய்

ஆறரைக்கெல்லாம் ஒரு கடையும் இருக்காது, எட்டு எட்டரை ஆகும். அதுவும் பைக் பஞ்சர் கடைதான் நிறைய. கம்ப்ரசர் காத்தை நேரா சைக்கிள் டியூப்ல விட விடாதீங்க, வெடிச்சிரும், கொஞ்சம் கொஞ்சமா விடச் சொல்லுங்க.

பம்பு சேராததுக்குக் காரணம் வால்வு. அப்பாவோடது பழைய மாடல், உள்ள ரப்பர் மாட்டின வால்வு. உங்களோடது பைக்ல இருக்குற மாதிரி வால்வா இருக்கும். ஊர்லயே சைக்கிள் கடையில ஒரு பழைய கைப்பம்பு வாங்கிருங்க, கூடவே வால்ட்யூப் அஞ்சாறு வாங்கிப் பையில போட்டுக்கங்க. அந்த ரப்பர் வெயில்ல இத்துப் போயிரும். பஞ்சர்னு நினைச்சு டியூப்பைக் கழட்டுறதுக்கு முந்தி அதைத்தான் முதல்ல பார்க்கணும்.